முனிசிபாலிட்டி: நகராட்சியா, நகர்மன்றமா?

“முனிசிபாலிட்டியில இருந்து குப்பை எடுக்க வரல” என்கிறார் ஒருவர். “முனிசிபாலிட்டியில தீர்மானம் போட்டாச்சு” என்கிறார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது அலுவலகத்தை, அடுத்தவர் சொல்வது உறுப்பினர்கள் கூடும் மன்றத்தை. பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

இதன் வேர் லத்தீனில் உள்ளது. ‘முனுஸ்’ என்றால் கடமை, ‘காபேரே’ என்றால் எடுத்துக்கொள்வது. ரோமுடன் சேர்ந்து, படைக்கு ஆள் அனுப்புவது போன்ற கடமைகளை ஏற்றுக்கொண்ட ஊருக்கு ‘முனிகிபியம்’ என்று பெயர். உள்ளூர் காரியங்களைப் பெரும்பாலும் அந்த ஊரே பார்த்துக்கொண்டது. நாம் இன்று நோய் எதிர்ப்புக்குச் சொல்லும் ‘இம்யூனிட்டி’யும் இதே ‘முனுஸ்’ வழி வந்ததுதான். கடமையிலிருந்து விலக்கு என்பது அதன் பழைய பொருள்.

சென்னை மாகாணத்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து 1866இல் கோவை, சேலம், மதுரை ஆகியவை முனிசிபாலிட்டிகள் ஆயின. 1917இல் சேலத்துக்கு ராஜாஜி ‘சேர்மன்’. அதையொட்டிய ஆண்டுகளில் ஈரோட்டுக்குப் பெரியார். எழுத்தில் அப்போது ‘நகரசபை’, ‘ஸ்தல ஸ்தாபனம்’ என்றெல்லாம் வழங்கினார்கள். பிறகு சபை மன்றமானது, ஸ்தல ஸ்தாபனம் உள்ளாட்சி ஆனது.

‘நகரம்’ என்ற சொல்லுக்கும் ஒரு பழைய கதை உண்டு. சோழர் கல்வெட்டுகளில் அது வணிகர் வாழும் ஊரையும் குறிக்கும், அந்த ஊரை நிர்வகித்த வணிகர் அவையையும் குறிக்கும். முனிசிபாலிட்டியின் குழப்பம் நமக்கும் புதிதல்ல.

இன்றைய வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன. ஊரின் எல்லை, அலுவலகம், வரி, ஊழியர்கள் எல்லாம் சேர்ந்த அமைப்பு நகராட்சி. வார்டுக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் அவை நகர்மன்றம். அதனால்தான் அறைக் கதவில் ‘நகர்மன்றத் தலைவர்’ என்றும் ‘நகராட்சி ஆணையர்’ என்றும் வேறு வேறாக எழுதியிருக்கும். தலைவரை 2011இல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஆணையர் தேர்தலில் நிற்பவர் அல்ல, அரசு அனுப்பும் அதிகாரி. பொறியாளர், நகர் நல அலுவலர், வருவாய்ப் பிரிவு எல்லாம் அவருக்குக் கீழே.

ஒரு தெருவுக்குச் சாலை போட வேண்டும் என்று வையுங்கள். கவுன்சிலர் கேட்பார், பொறியாளர் மதிப்பீடு போடுவார், மன்றக் கூட்டத்தில் அது பொருளாக வந்து தீர்மானமாகும். அப்புறம் ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு என்று மற்றதெல்லாம் ஆணையர் பக்கம். ஆகவே ‘நகராட்சி தீர்மானம் போட்டது’ என்று எழுதுவதைவிட ‘நகர்மன்றம் தீர்மானம் போட்டது’ என்பதே சரி.

நகராட்சிக்குக் கீழே பேரூராட்சி, மேலே மாநகராட்சி. பேரூராட்சியில் ஆணையருக்குப் பதில் செயல் அலுவலர் இருப்பார்.

‘வார்டு’க்குத் தமிழ்ச் சொல் தேடுவதுதான் சிக்கல். ‘வட்டம்’ என்றால் தாலுகாவோடு குழம்பும். இலங்கையில் ‘வட்டாரம்’ என்கிறார்கள்; அங்கே நகர சபையின் தலைவர் ‘தவிசாளர்’. நல்ல சொற்கள்தான். ஆனால் தமிழ்நாட்டில் வட்டாரம் என்றதும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் நினைவுக்கு வருவார். இப்போதைக்கு வார்டையே வைத்துக்கொள்ளலாம்.