மழை வரட்டும், அப்புறம் நிறுத்தலாம் என்று சொல்லாதீர்கள்

இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மழை விழுகிறதா இல்லையா என்று பார்க்கவே வேண்டாம். இளைஞர் மையத்துப் பயிற்சியாளர்களிடமும் பெற்றோரிடமும் இதை எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த சனிக்கிழமை மாலை மலைப்பக்கம் இடி உருளும்போது, அதே திடலில் அதே பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மாவட்ட மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் உதவி மருத்துவ அதிகாரி. தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் ‘டிரஸ்ஸர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்கே, திதிவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபின் லயத்து வீடுகளை விட்டு வந்தவர்கள் இப்போது தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் இருக்கிறார்கள். தோட்டத்துத் திடலும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது மாவட்ட மன்றம் கட்டிக்கொடுத்த இளைஞர் மையம் ஒன்றுதான். ஒரு மண்டபம், கூரை போட்ட ஃபுட்சால் தளம், பின்பக்கம் காற்பந்துத் திடல். சாயங்காலம் பிள்ளைகள் அங்கே இருப்பது எவ்வளவு நல்லது என்பது எனக்குத் தெரியும். அங்கே போகாத பையன்கள் எப்படி வந்து சேருகிறார்கள் என்பதை ராத்திரி வேலையில் பார்க்கிறேன். மையத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை.

அண்மையில் அந்த மாதிரி ஒரு திடலிலிருந்து மூன்று பையன்களை ஒரே நேரத்தில் கொண்டுவந்தார்கள். மின்னல். கூட வந்த எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “மழையே வரலை சார். வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.”

ஒருவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கால்கள் சில்லிட்டு, நீலம் பாய்ந்து கிடந்தன. மின்னல் தாக்கியவர்களுக்கு இப்படி ஆவது உண்டு, பெரும்பாலும் சில மணி நேரத்தில் திரும்பிவிடும், இவனுக்கும் திரும்பியது. ஆனால் அதுவரை அந்த அம்மா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. இரண்டாமவனுக்குச் செவிப்பறை கிழிந்திருந்தது. “யாரு ஜெயிச்சா?” என்று கேட்பான், பதில் சொல்வோம், அடுத்த நிமிடம் மறுபடியும் “யாரு ஜெயிச்சா?” என்பான். மூன்றாமவன் விழுந்த இடத்திலேயே இதயம் நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது அவனைச் சுற்றி வட்டமாக ஆட்கள் நின்றிருக்கிறார்கள். ஒருவரும் தொடவில்லை. “தொடாதே, உடம்புல கரண்டு இருக்கும்” என்று யாரோ கத்தியிருக்கிறார். அவன் பிழைத்தான். ஈப்போவுக்கு மாற்றினோம். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

சரி, அந்த ‘மழையே வரலை’ விஷயத்துக்கு வருகிறேன். மழை கொட்டும் இடத்துக்கு நேர் கீழேதான் மின்னல் இறங்கும் என்று யார் சொன்னது? மழை பெய்யும் இடத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். நம் ஊரில் மதியத்துக்குமேல் மேகம் முதலில் மலையில்தான் திரளும். மலை கறுத்து நிற்கும், திடலில் வெயில் அடிக்கும். ‘அது அங்கே பெய்யுது’ என்பீர்கள். அங்கே பெய்கிற மழையின் மின்னல் இங்கே விழும் தூரத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

இடிச்சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நான் எண்ணச் சொல்லவில்லை. கூச்சலும் விசிலும் நிறைந்த திடலில் உங்கள் காதுக்கு இடி எட்டுகிறது என்றாலே அது தூரத்தில் இல்லை. கேட்டதும் போங்கள். மழை என்பது சட்டை நனைகிற சமாச்சாரம் மட்டும்தான். அதை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். மழை விட்டதும் ‘நின்னுடுச்சு, வாங்கடா’ என்று மறுபடி இறங்குவதும் இதே தப்புதான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் முழுதாக ஆக வேண்டும். 25-ஆவது நிமிடத்தில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து 30. ஆட்டம் பாதியில் நின்றால் நிற்கட்டும். கோப்பை எங்கும் ஓடிப்போகாது.

நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் வருடத்தில் ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கிறது. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பரும்தான் மோசம், அதுவும் மதியம் தொடங்கி இரவு வரை. நம் இளைஞர் மையங்களின் பயிற்சி அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: மாலை 5 முதல் 7 வரை. 2016 ஏப்ரலில் மலாக்கா யுனைடெட் அணியின் கோல்காவலர் ஸ்டீபன் பெட்ரோவ்ஸ்கி பயிற்சித் திடலில் மின்னல் தாக்கி, மே 1-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். வயது 18. 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பண்டுங்கிலும் அதே ஆண்டு நவம்பரில் பெரு நாட்டிலும் ஆட்டத்தின் நடுவே இதே கதி. அந்தக் காணொளிகள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். பெருவில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, ஆட்டக்காரர்கள் வெளியே நடந்துகொண்டிருந்தபோது விழுந்தது. நிறுத்தியது போதவில்லை, நேரத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கைப்பேசியை அணைத்துவிட்டு ஆடலாம் என்கிறார்கள். கைப்பேசி மின்னலை இழுக்காது. அதை அணைத்து வைத்தால், ஒன்று ஆகும்போது 999-ஐக் கூப்பிட ஆள் இருக்காது. ரப்பர் அடி வைத்த சப்பாத்து காப்பாற்றும் என்கிறார்கள். வானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வருகிற ஒன்றுக்கு அரை அங்குல ரப்பர் எம்மாத்திரம்? கார் காப்பாற்றுகிறது, உண்மைதான். அதற்குக் காரணம் இரும்புக் கூடு, டயர் இல்லை. அதனால்தான் மோட்டார் சைக்கிள் காப்பாற்றாது.

‘நம்ம மேலயா விழப்போகுது’ என்ற பேச்சும் வேண்டாம். தலைமேல் நேராக விழுந்து அடிபடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பக்கத்தில் விழுந்தது குளத்தில் கல் எறிந்த அலை மாதிரி தரைவழியாகப் பரவி வருவதுதான் அதிகம் பேரைச் சாய்க்கிறது. ஒரே நேரத்தில் மூன்று பேர், ஐந்து பேர் என்று விழுவது இதனால்தான். ஒரு கம்பத்தடியில், ஒரு மரத்தடியில் கும்பலாகச் சேர்ந்து நிற்காதீர்கள்.

எங்கே போவது? நாலு பக்கமும் சுவர் உள்ள கட்டடம். இல்லையென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு கார், வேன், பேருந்து. அங்சானா மரத்தடி கூடாது, திடல் ஓரத்துச் செம்பனை கூடாது, கோல் கம்பம், விளக்குக் கம்பம், போட்டிக்கு அடித்த கூடாரம், பேருந்து நிறுத்தம் எதுவும் கூடாது. பலர் நம்பி ஒதுங்குகிற அந்தக் கூரை போட்ட ஃபுட்சால் தளமும் சுவர் இல்லாததுதான். மழைக்கு அது போதும், மின்னலுக்குப் போதாது, அதன் இரும்புத் தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்காதீர்கள். மண்டபத்துக்குள் வந்தபிறகு சேறு போகக் குழாயடியில் கால் கழுவப் போகாதீர்கள். குழாய் வழியாகவும் வரும்.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. மூன்று பையன்கள் விழுந்த அந்தத் திடலிலிருந்து மண்டபம் கல்லெறி தூரம். பூட்டிக் கிடந்தது. அலுவலக நேரம் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போவார்களாம், சாவி காவலாளியிடம், காவலாளி வருவது இரவு 7 மணிக்கு. பிள்ளைகள் ஆட வருகிற நேரத்தில், அந்த வளாகத்திலேயே பாதுகாப்பான ஒரே கட்டடத்துக்குப் பூட்டு. மன்றத்து அதிகாரிகளிடம் மன்றாடிக் கேட்கிறேன்: திடலை முன்பதிவு செய்கிற குழுவிடம் மண்டபச் சாவியையும் கொடுங்கள். நாற்காலி காணாமல் போகும், கேரம் பலகை உடையும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அந்த ‘கரண்டு’ பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மின்னல் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். விழுந்தவர் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. தாராளமாகத் தொடலாம், தொட்டே ஆக வேண்டும். பலர் விழுந்து கிடந்தால், அலறுகிறவனை விட்டுவிட்டு அசைவே இல்லாதவனிடம் முதலில் ஓடுங்கள். அலறுகிறவன் மூச்சு விடுகிறான். மற்ற விபத்துகளில் இப்படிச் செய்யமாட்டோம், மின்னலில் மட்டும் இதுதான் முறை, ஏனென்றால் செத்தவன் மாதிரி கிடப்பவனையும் உடனே கவனித்தால் மீட்க முடியும். இடி இன்னும் கேட்கிறதா, முடிந்தால் அவனையும் தூக்கிக்கொண்டு உள்ளே போங்கள். ஒருவர் 999-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 செண்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். பழகியவர் இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 தடவை வாயில் மூச்சு ஊத வேண்டும். மின்னலில் இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிய பிறகும் மூச்சு திரும்பாமல் இருக்கலாம், அதனால் இது முக்கியம். ஆம்புலன்ஸ் வந்து நாங்கள் கையை எடுக்கச் சொல்லும்வரை விடாதீர்கள்.

எழுந்து நடக்கிறான், பேசுகிறான் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைக்காதீர்கள். இதயத்துடிப்பையும் காதையும் கண்ணையும் பார்க்க வேண்டும். தூக்கம் கெடுவது, மறதி, எரிச்சல் எல்லாம் வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். பள்ளி ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள், பையன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று திட்டு வாங்க வேண்டாம்.

பெற்றோர்களே, பிள்ளையின் பதிவுப் பாரத்தில் கையெழுத்துப் போடும்போது பயிற்சியாளரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இடி கேட்டால் விசில் ஊதுவது யார், மண்டபச் சாவி யாரிடம், சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் அந்த முதலுதவி, தெரிந்தவர் யார். பயிற்சியாளரை மடக்குவதற்காக இல்லை. பாதிப்பேர் வேலை முடிந்து வந்து சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தம்பிகள், இதையெல்லாம் அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சிபிஆர் பழக ஒரு மாலை போதும். உங்கள் மையத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் சொல்லி அனுப்புங்கள், பயிற்சிப் பொம்மையோடு நான் வருகிறேன்.