மாண்டரின் இம்மர்ஷனில் பிள்ளையைச் சேர்க்கும் முன்

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில், பள்ளிச் சேர்க்கைக் காலம் நெருங்கினால் தமிழ்ப் பெற்றோர் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "எங்கள் டிஸ்ட்ரிக்டில் (பள்ளி நிர்வாகப் பகுதியில்) மாண்டரின் இம்மர்ஷன் இருக்கிறது, பிள்ளையைப் போடலாமா?" போடலாம். ஆனால் கிண்டர்கார்டனில் சேர்க்கும்போதே ஐந்தாம் வகுப்பு வரை இருப்போம் என்று முடிவெடுத்துவிட்டுச் சேருங்கள். வீட்டில் தமிழை விட்டுவிடாமல் சேருங்கள். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் நட்டம் பிள்ளைக்குத்தான்.

மாண்டரின் சீனாவின் பொதுமொழி. இம்மர்ஷன் என்றால் அதைக் கற்பிக்கும் தனி மொழி வகுப்பு அன்று. கணக்கும் அறிவியலும் சமூகப் பாடமும் மாண்டரினிலேயே நடக்கும். 1965இல் கனடாவின் செயின்ட் லாம்பர்ட் ஊரில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பாடம் நடத்திப் பார்த்ததிலிருந்து வளர்ந்த முறை இது. மாண்டரினுக்கு இதைக் கொண்டுவந்த முன்னோடி, 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சைனீஸ் அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல். குப்பர்டினோவின் அரசுப் பள்ளித் திட்டம் 1998இல் வந்தது. யூட்டா மாநிலம் 2008இல் இதற்கென்று சட்டமே இயற்றியது.

எல்லா இடத்திலும் அளவு ஒன்றல்ல. யூட்டாவில் பாதி நாள் மாண்டரின், பாதி நாள் ஆங்கிலம், இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர். சில பள்ளிகள் கிண்டர்கார்டனில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு மாண்டரினில் தொடங்கி, மேல் வகுப்புகளில் ஆங்கிலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை எப்போது ஆங்கிலம் வாசிக்கும் என்பது இதைப் பொறுத்தது. 'சைனீஸ் இம்மர்ஷன்' என்று மட்டும் போட்டிருந்தால் மாண்டரினா, தென் சீனாவில் பேசும் காண்டனீஸா என்றும் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் இரண்டும் உண்டு. எழுத்து எளிமையாக்கப்பட்டதா, மரபு வடிவமா என்பது அடுத்த கேள்வி. பின்னால் வேறு பள்ளிக்கு மாறினால் இந்த வேறுபாடு கைகடிக்கும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது கிண்டர்கார்டன் வகுப்பைக் காட்டுவார்கள். பாட்டும் படமுமாக அழகாகத்தான் இருக்கும். நீங்கள் மூன்றாம் வகுப்பில் பதினைந்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் விளக்கம் சொல்லும்போது ஆங்கிலத்துக்குத் தாவுகிறாரா, பிள்ளைகள் முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறார்களா அல்லது ஒற்றைச் சொல்லோடு நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள். அந்த வயதில் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம்தான் பேசுவார்கள். அதைக் குறையாக எண்ண வேண்டாம். கிண்டர்கார்டனில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற இரண்டு எண்களையும் வாங்குங்கள். நடுநிலைப் பள்ளியில் தொடர்ச்சி உண்டா என்பதையும் விசாரியுங்கள். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு தங்குகிறார்கள் என்றும் கேட்கலாம். ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியருக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து. ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் வகுப்பில் பிள்ளையின் பேச்சு தேங்கிவிடும்.

விண்ணப்பம் பெரும்பாலும் குலுக்கல் முறைதான். அண்ணன், அக்கா ஏற்கெனவே படித்தால் முன்னுரிமை உண்டு. கலிபோர்னியாவில் செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முகவரிச் சான்று ஆகியவற்றைக் குளிர்காலத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். குலுக்கலில் விழாவிட்டால் உங்கள் பகுதிப் பள்ளியில் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்புப் பட்டியலில் இருங்கள். பள்ளி திறக்கும் வாரத்தில்கூட இடம் காலியாவது உண்டு. முதல் வகுப்பு தாண்டிவிட்டால் பெரும்பாலான பள்ளிகள் மாண்டரின் தெரியாத பிள்ளையைச் சேர்ப்பதில்லை.

சேர்க்கையின்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்று தருவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பெரியவர்கள் பேசும் மொழி எது என்று அதில் இருக்கும். 'தமிழ்' என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கி வைத்துவிடுவார்களோ என்று பயந்து பெற்றோர் சிலர் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் கலிபோர்னியாவில் 30 நாட்களுக்குள் ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதில் தேறிவிட்டால் விஷயம் முடிந்தது. தேறாவிட்டால் ஆங்கிலத்துக்குக் கூடுதல் உதவி கிடைக்கும். பொய்யாக எழுதிவிட்டால், இரண்டாம் வகுப்பில் பிள்ளை திணறும்போது, மூன்று மொழிச் சூழலில் வளரும் பிள்ளை இது என்பது பள்ளியின் பதிவேட்டில் எங்குமே இருக்காது.

இப்போது காலக் கணக்கு. ஆங்கிலம் பேசும் பெரியவர் மாண்டரினில் பணித்திறன் பெற 2,200 வகுப்பு மணி தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. பாதி நாள் திட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், ஆண்டுக்குச் சுமார் 180 நாள் என்றால் 540 மணி நேரம். இரண்டாம் வகுப்பு முடியும்போதும் 1,600 மணி நேரம்தான் ஆகியிருக்கும். அதுவும் முழுக்கவனத்தோடு படிக்கும் பெரியவரின் மணி நேரம் அன்று, விளையாட்டும் கைவேலையும் கலந்த ஆறு வயதுப் பிள்ளையின் மணி நேரம். இரண்டு ஆண்டில் பிள்ளையை எடுத்துவிடும் பெற்றோர், விதைத்த வயலை நாற்று நிலையிலேயே உழுதுவிடுகிறார்கள். வாசிப்போ பேச்சைவிடப் பின்தங்கியே வரும். சீனாவில் தொடக்கப் பள்ளி முடிக்கும் பிள்ளை 3,000 எழுத்துக்களை அடையாளம் காண வேண்டும் என்பது அங்குள்ள பாடத்திட்டம். அமெரிக்க இம்மர்ஷன் பிள்ளை அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட வராது. அந்த ஒப்பீட்டை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள்.

முதல் சில மாதங்கள் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கலாம். ஆசிரியர் சொல்வதைச் செய்கிறது, கை காட்டுகிறது, பாட்டில் சேர்ந்துகொள்கிறது என்றால் அது கேட்டுப் பழகும் காலம். மாலையில் காரணமில்லாத அழுகை, பசி, எரிச்சல் இருக்கும். ஒரு புதிய மொழியை நாள் முழுக்கக் காதில் வாங்குவது களைப்பான வேலை. அந்த ஆண்டு மாலை வகுப்புகளைக் குறைத்துவிடுங்கள். கழிப்பறை, வயிற்று வலி, அடிபட்டது போன்றவற்றை ஆங்கிலத்திலேயே சொல்லலாம் என்று ஆசிரியரிடம் உறுதி செய்து, பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். சொல்லத் தெரியாமல் அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு.

வீட்டுப்பாடத்தில் நடக்கும் பெரிய தவறு பின்யினைப் பிடித்துக்கொள்வது. மாண்டரின் ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை அது. பல பள்ளிகள் பின்யினை இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குத் தள்ளிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது: அதே 'சி', 'க்யூ', 'எக்ஸ்' எழுத்துக்களுக்கு ஆங்கில ஒலியை இப்போதுதான் பிள்ளை படிக்கிறது, பின்யினில் அவற்றின் ஒலியே வேறு. தவிர, சீன எழுத்தின் தலைக்கு மேல் பின்யின் எழுதி வைத்தால் கண் அதற்குத்தான் போகும். எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆசிரியர் தரும் ஒலிப்பதிவைக் கேட்டபடி விரலால் தொட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டம் போட்ட நோட்டில் கோட்டு வரிசை மாறாமல் நான்கைந்து எழுத்து எழுதட்டும். ஐயம் வந்தால் ப்ளெக்கோ என்னும் சீன அகராதிச் செயலியில் விரலால் எழுதித் தேடலாம்.

உச்சரிப்பைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. மாண்டரினில் சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு சுருதிகளை நம் காது பிரித்துக் கேட்காது. தவறாகத் திருத்தினால் அதுவே படிந்துவிடும். ஒரு நல்ல செய்தி: 'பால்' என்னும்போது நாம் சொல்லும் காற்றழுத்தமில்லாத 'ப' மாண்டரினில் அப்படியே இருக்கிறது. காற்றோடு வரும் 'ப'வோ பிள்ளைக்கு ஆங்கிலத்திலிருந்து கிடைத்துவிடுகிறது.

ஆங்கில வாசிப்பு பின்தங்குவது தொண்ணூறு விழுக்காட்டுத் திட்டங்களில் எதிர்பார்க்க வேண்டியதே. ஆங்கில வாசிப்புப் பாடம் அங்கே தாமதமாகத் தொடங்குகிறது. தொடங்கிய பின் பெரும்பாலான பிள்ளைகள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். இதைக் கண்டு பயந்து வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலத்துக்கு மாறிவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு மனம் வலிக்கிறது. கதையின் போக்கைப் பிடிப்பது, காரணம் சொல்வது, நடந்ததை வரிசையாகச் சொல்வது ஆகிய திறன்களைப் பிள்ளை முதலில் தனக்கு வலுவாக உள்ள மொழியில்தான் வளர்க்கிறது. அங்கே வளர்ந்தது மற்ற மொழிகளுக்கும் கடக்கும். இரவில் தமிழில் கதை சொல்லுங்கள், "ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள், தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசவிடுங்கள். தமிழ் எழுத்தை முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் வார இறுதிப் பள்ளியில் தொடங்கலாம். பேச்சுத் தமிழுக்கு அப்படித் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் எல்லாவற்றையும் 'மூன்று மொழிக் குழப்பம்' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. தமிழிலேயே வாக்கியம் அமைக்கத் தடுமாறுகிறது, வீட்டாருக்கே பேச்சு புரிவதில்லை, முன்பு பேசிய சொற்களை இழக்கிறது, சொல்லைத் தொடங்க முடியாமல் முகம் இறுகித் திக்குகிறது என்றால் முதலில் செவித்திறன் சோதனை செய்யுங்கள். பிறகு டிஸ்ட்ரிக்டிடம் மதிப்பீடு கேட்டு எழுத்தில் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் ஒப்புதல் கையெழுத்திட்டால் கூட்டாட்சிச் சட்டப்படி 60 நாட்களில் முடிக்க வேண்டும். சில மாநிலங்கள் தமக்கென வேறு கெடு வைத்திருக்கின்றன. பிள்ளையின் மொழித்திறனைத் தமிழிலும் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். உண்மையான மொழிக் குறைபாடு என்றால் எல்லா மொழியிலும் தெரியும். மாண்டரினில் மட்டும் தெரிவது பெரும்பாலும் பழக்கக் குறைவு. "ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால், எந்த அடிப்படையில் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கடைசியாக, எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு. வேலை மாறி வேறு மாநிலம் போக நேர்ந்தால் அங்கே இந்தத் திட்டம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு ஆண்டுக்குள் இடம் மாறும் வாய்ப்பு அதிகமென்றால் இம்மர்ஷனைத் தவிர்த்துச் சனிக்கிழமை சீன வகுப்பில் போடுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டு விலக நேர்ந்தால் நடு ஆண்டில் விலகாமல் ஜூனில் விலகுங்கள். அதற்கு முன் பிள்ளையின் ஆங்கில வாசிப்பு நிலையை எழுத்தில் வாங்கிப் புதிய பள்ளிக்குக் கொடுங்கள். மாண்டரினில் கணக்குப் படித்த பிள்ளை என்பதையும் சொல்லிவிடுங்கள். கணக்கு தெரிந்தும் அதன் ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் முதல் சில வாரங்கள் தவறான மதிப்பெண் விழுவதைத் தடுக்க அது ஒன்றே வழி.