இரண்டாவது லைன் இருந்தும் நெட் போவது ஏன்?

இரண்டாவது இணைய இணைப்பு எடுப்பவர்களில் பலர், கேபிளை ஃபயர்வாலில் (உள் நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் காவல் கருவி) செருகி விளக்கு எரிந்ததுமே வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறார்கள். முதல் லைன் படுத்துக்கொள்ளும் நாளில்தான் இரண்டாவது லைன் எதற்கும் உதவவில்லை என்று தெரியவருகிறது. நெட்வொர்க் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிரச்சினை இது. முன்கூட்டியே தவிர்த்துவிடக்கூடிய பிரச்சினையும்கூட.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முதல் லைன் போனது ஃபயர்வாலுக்கே தெரியாது. மோடத்துக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் உள்ள கேபிள் நன்றாகவே இருக்கும். கோளாறு அதற்கு அப்பால், சேவை நிறுவனத்தின் பக்கம் நடந்திருக்கும். போர்ட் உயிரோடு இருப்பதால் டிஃபால்ட் ரூட்டும் (இணையத்துக்குப் போகும் இயல்பான வழி) அப்படியே நிற்கும். பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், அந்தப் பக்கமே போய்த் தொலையும். கேட்வேயை (அந்த லைனில் ஃபயர்வாலுக்கு அடுத்த வாசல்) பிங் செய்து, பதில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோமே என்பார்கள். பல இடங்களில் அந்த கேட்வே, பக்கத்திலேயே இருக்கும் மோடம்தான். வெளியே என்ன ஆனாலும் அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதனால் கண்காணிக்கும் முகவரி மோடத்தையும் சேவை நிறுவனத்தையும் தாண்டி இருக்கவேண்டும். ஒரு லைனுக்கு கூகுளின் 8.8.8.8, இன்னொன்றுக்கு கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்று வைப்பது வழக்கம். இதில் ஒரு கண்ணி உண்டு. பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால்கள், கண்காணிக்கும் முகவரிக்கு அந்த லைன் வழியாகவே தனி ரூட் போட்டுவிடும். அதே முகவரியை டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) சர்வராகவும் கொடுத்திருந்தால், லைன் விழும்போது டிஎன்எஸ்ஸும் சேர்ந்து விழும். இன்னொரு லைன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு தளமும் திறக்காது.

எந்த அளவு பழுதானால் லைன் போனதாக எடுத்துக்கொள்வது என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். பிஎஃப்சென்ஸ் இயல்பாக 20 சதவீத பாக்கெட் இழப்பிலும் 500 மில்லிசெகண்ட் தாமதத்திலும் லைனை விலக்குகிறது. இணையப் பக்கங்களுக்கு இது பரவாயில்லை. தொலைபேசி அழைப்புக்கு அதற்கு வெகு முன்பே பேச்சு புரியாமல் போய்விடும். ரொம்பவும் இறுக்கி வைத்தாலோ லைன் மாறி மாறித் துள்ளும். அது முழுதாகப் போவதைவிடத் தொல்லை. சில நாள் அளவீட்டைப் பார்த்து, உங்கள் லைனின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலே எல்லையை வையுங்கள்.

அடுத்தது லோட் பேலன்சிங், அதாவது இரண்டு லைனுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது. 100 எம்பிபிஎஸ் லைன் இரண்டு இருந்தால் 200 கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஃபயர்வால் பிரித்துக் கொடுப்பது கனெக்ஷன்களை. ஒரே கனெக்ஷனை இரண்டாக வெட்டிக் கொடுப்பதில்லை. ஒரு கோப்பை ஒரே கனெக்ஷனில் இறக்கினால் 100தான். நிறையப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் பலன் தெரியும். ஒரே பயனரின் கனெக்ஷன்கள் இரு பப்ளிக் ஐபிகளில் (வெளியே தெரியும் முகவரிகளில்) இருந்து போனால், சில வங்கித் தளங்கள் சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும். ஒரு பயனரை ஒரே லைனில் பிடித்துவைக்கும் ஸ்டிக்கி வசதியைப் போட்டால் ஓரளவு சரியாகும்.

என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு பாதிக்குப் பாதி பிரிப்பதைவிட, எந்த வேலை எந்த லைனில் போகவேண்டும் என்று நாமே முடிவு செய்வது மேல். அழைப்புகளும் விபிஎன்னும் (இணையத்துக்குள் போடும் பாதுகாப்பான தனிப் பாதை) நிலையான லைனில். பேக்கப், அப்டேட் எல்லாம் மற்றதில். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கவேண்டும். இதற்கான விதிகளை எழுதும்போது வரிசை முக்கியம். உள் நெட்வொர்க்குகளுக்கு இடையிலான போக்குவரத்தை முதலில் விலக்கிவிட்டு, அதன்பின் எந்த லைன் என்று சொல்லும் கேட்வே விதியை வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த விலானில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்கில்) இருக்கும் பிரிண்டருக்குப் போகவேண்டிய பாக்கெட்டும் இணையத்தை நோக்கிப் போகும்.

மாறியபின் நடப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. பழைய டிசிபி கனெக்ஷன்கள் அறுந்துவிடும், ஏனென்றால் பப்ளிக் ஐபி மாறிவிட்டது. பிரவுசர் புதிதாகத் தொடங்கிக்கொள்ளும். ஐபி போன்கள் அப்படி இல்லை. டிசிபி போலக் கனெக்ஷன் ஏற்படுத்தாத யுடிபியில் பேசும் போன், சில நொடிகளுக்கு ஒருமுறை கீப்அலைவ் (தொடர்பை உயிரோடு வைக்கும் சிறு செய்தி) அனுப்பும். ஒவ்வொரு தடவையும் ஃபயர்வாலில் உள்ள பழைய ஸ்டேட் (எந்தத் தொடர்பு எந்த லைனில் என்ற குறிப்பு) புதுப்பிக்கப்பட்டு, காலாவதியே ஆகாமல், செத்த லைனையே பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாரும் இணையத்தில் இருப்பார்கள், போன்கள் மட்டும் ஊமையாகிவிடும். லைன் விழும்போது அதன் ஸ்டேட்களை அழிக்கும் வசதியை இயக்குங்கள். முதல் லைன் திரும்பியபின் போன்கள் பேக்கப்பிலேயே தங்கிவிடுவதும் இதே கதைதான். டேட்டா அளவுக்குக் கட்டணம் கட்டும் 4ஜி லைனாக இருந்தால் பில்லில் தெரியும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4ஜி லைன்கள் பெரும்பாலும் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பப்ளிக் ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கும். வேன் முகவரி (இணையப் பக்க போர்ட்டின் முகவரி) 100.64.0.0/10 வரம்பில் இருந்தால் வெளியிலிருந்து உள்ளே வரும் விபிஎன் அதில் வராது. சொந்த மெயில் சர்வர் இருந்தால் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் மெயில் அனுப்பக்கூடிய முகவரிகளின் பட்டியல்) இரண்டு ஐபியும் இருக்கவேண்டும். முதல் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர், இரண்டாவது லைனில் இருந்து வரும் கேள்விக்குப் பதில் தராமல் போகலாம்.

பாதுகாப்பை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். முதல் வேன் போர்ட்டுக்குக் கவனமாக எழுதிய தடைகள் இரண்டாவதில் இல்லாமல், நிர்வாகப் பக்கமே வெளியே திறந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். விபிஎன் வழியாக மட்டுமே போகவேண்டிய தரவு, விபிஎன் விழுந்ததும் சாதாரண லைனில் கசியக்கூடும். சில ஃபயர்வால்கள் கேட்வே இல்லாவிட்டால் விதியில் இருந்து கேட்வேயை மட்டும் நீக்கிவிட்டு பாக்கெட்டை அனுமதித்துவிடும். அதற்குக் கீழே வெளிப்படையான தடை விதியும், கேட்வே விழுந்தால் அந்த விதியையே தவிர்க்கும் அமைப்பும் வேண்டும்.

சோதனையை ஃபயர்வாலில் இருந்து கேபிளைப் பிடுங்கிச் செய்யாதீர்கள். அந்தச் சோதனையில் எல்லா ஃபயர்வாலும் தேறிவிடும். வேலை நேரம் முடிந்தபின் மோடத்தை ஓடவிட்டு, அதற்குள் வரும் ஃபைபரை மட்டும் கழற்றுங்கள். ஒரு அழைப்பு, ஒரு விபிஎன், ஒரு பெரிய டவுன்லோட் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கட்டும். எது எவ்வளவு நேரத்தில் மீண்டது என்று குறித்துக்கொண்டு, ஃபைபரைத் திரும்பச் செருகி, மூன்றும் முதல் லைனுக்குத் திரும்பிவிட்டதா என்றும் பாருங்கள்.