கார்கிலில் போஃபர்ஸ் குண்டு அவ்வளவு தூரம் போனது எப்படி?

போஃபர்ஸ் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஊழல்தான் ஞாபகம் வரும், மீதிப் பேருக்குக் கார்கில். 1986-ல் ஸ்வீடனிடம் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள்; அதற்குப் பிறகு நடந்த அரசியல் தனிக் கதை, இங்கே வேண்டாம். சுமார் 24 கிலோமீட்டர் சுடும் என்று வாங்கிய அந்தப் பீரங்கி, 1999-ல் கார்கில் மலைகளில் 30 கிலோமீட்டரையும் தாண்டிச் சுட்டது. குழாய் அதேதான். காற்றுதான் வேறு.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். குண்டு சுமார் 43 கிலோ, குழாயை விட்டு வெளியே வரும்போது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர். காற்றே இல்லாத இடத்தில் இதை 45 டிகிரியில் சுட்டால் 65 கிலோமீட்டர் போகும். வேகத்தின் வர்க்கத்தை 9.8-ஆல் வகுத்தால் விடை வந்துவிடும், பிளஸ் ஒன் இயற்பியல்தான். ஆனால் கடல்மட்டத்தில் போவதோ 24, மிச்சம் 40 கிலோமீட்டரைக் காற்று தின்றுவிடுகிறது! கார்கில் போர் நடந்த பகுதியிலுள்ள டிராஸ் ஊர் இருப்பது 3,200 மீட்டருக்கு மேலே, அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 72 சதவீதம். டைகர் ஹில் உச்சியின் உயரத்தில் 60 சதவீதம். வளைந்து போகும் குண்டு அதற்கும் மேலே ஏறித்தான் இறங்குகிறது, அங்கே காற்று இன்னும் மெலிசு.

நல்லதுதானே என்று தோன்றும். சுடுகிறவர்களுக்கு இது தலைவலி. எந்தக் கோணத்தில், குண்டைத் தள்ள எவ்வளவு வெடிமருந்து வைத்தால் அது எங்கே விழும் என்று பீரங்கிப் படையிடம் அட்டவணை இருக்கும், அது சாதாரணக் காற்றுக்குப் போட்ட கணக்கு, மலையில் அதை அப்படியே நம்பினால் குண்டு இலக்கைத் தாண்டிவிடும். சமவெளியில் 50 மீட்டர் தாண்டினால் 50 மீட்டர் தள்ளி வெடிக்கும், சிதறலாவது எட்டும். குறுகலான மலை விளிம்பில் அதே 50 மீட்டர் என்றால், குண்டு பின்பக்கப் பள்ளத்தாக்கில் எங்கோ போய் விழும். குறைந்துபோனால் அதைவிட மோசம், கீழே ஏறிக்கொண்டிருப்பது நம் ஆட்கள். போதாததற்குக் குளிரில் மருந்து மெதுவாக எரியும், அதனால் குண்டின் வேகம் குறையும். பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் அடிக்கிற காற்று உச்சியில் வேறு பக்கம் அடிக்கும். என்னைக் கேட்டால் பீரங்கியைப் புகழ்வதில் பாதியை இந்தக் கணக்கைத் திருத்தித் திருத்திச் சுட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

டோலோலிங், டைகர் ஹில் பக்கம் இன்னொரு வழியும் கைகொடுத்தது. இந்த வகைப் பீரங்கி பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாத இலக்கை வளைத்துச் சுடத்தான்; அங்கே இலக்கை நேராகப் பார்த்தே சுட்டார்கள். தூரம் குறைவு என்பதால் குண்டைக் காற்று திசைதிருப்ப நேரமில்லை. என்ன, நமக்கு எதிரி தெரிந்தால் எதிரிக்கும் நாம் தெரிவோம். மலையின் பின்சரிவில் பதுங்கியவர்களுக்கு வேறு மாதிரி: குழாயை 70 டிகிரி வரை தூக்க முடியும், அப்போது குண்டு உயரப் போய்ச் செங்குத்தாக இறங்கும். முதல் குண்டு வெடித்ததுமே எல்லோரும் பதுங்கிவிடுவார்கள் இல்லையா, அதனால்தான் 12 நொடி வாக்கில் 3 குண்டுகளைத் தள்ளிவிடும் அதன் வேகம் அவ்வளவு உதவியது.

அப்புறம், அந்த ஒப்பந்தத்தோடு வந்த வரைபடங்கள் பல வருடம் சும்மா கிடந்தன. அவற்றை வைத்து ஜபல்பூரில் உருவான தனுஷ் பீரங்கி 2019-ல் ராணுவத்துக்கு வந்தது. குழாய் நீளம் அதிகம், அதனால் வாயு குண்டைக் கூடுதல் நேரம் தள்ளும். குண்டின் அடிப்பகுதியில் மெல்ல எரிந்து வாயு விடும் ஓர் அமைப்பையும் வைத்தால், பின்னால் உண்டாகும் வெற்றிடம் நிரம்பி இழுவை குறையும். மலையே இல்லாமல் 38 கிலோமீட்டர்.