கான்பரன்ஸ்: மாநாடா, மண்டலமா, கூட்டணியா?

கனடாவின் பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்காவின் ‘கான்பரன்ஸ்’ ஒன்றில் சேர்ந்தது என்ற விளையாட்டுச் செய்தியைத் தமிழில் ‘மாநாட்டில் இணைந்தது’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? பேராசிரியர்கள் கோப்பும் கையுமாகக் கிளம்பிப் போய், இரண்டு நாள் உட்கார்ந்து கட்டுரை வாசித்துவிட்டுத் திரும்பினார்கள் என்றுதான் நினைப்பார். செய்தி சொல்வது வேறு. அந்தப் பல்கலைக்கழகத்தின் அணிகள் இனி ஆண்டுதோறும் கடவுச்சீட்டோடு பேருந்தில் ஏறி, எல்லை தாண்டி, அடுத்த நாட்டு அணிகளோடு மோதப் போகின்றன. ஒரே ஒரு சொல் தவறியதில் செய்தி முழுவதும் கைநழுவிப் போகிறது.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன். ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், கொண்டுவருதல். ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்ப்பது என்பது அடிப்பொருள். பிறகு அது கருத்துகளைக் கொண்டுவந்து சேர்ப்பதாகி, கலந்துரையாடலாகி, கூட்டமானது. நாம் ‘மாநாடு’ என்று சொல்வது இந்தக் கடைசிப் பொருளைத்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நாடு’ என்பது ஒரு நிலப்பகுதியையும், அதன் பொறுப்பாளர்களான நாட்டார் கூடிய சபையையும் குறித்திருக்கிறது. ஆகவே பெருங்கூட்டத்துக்கு மாநாடு என்பது அருமையான சொல். அதில் எனக்குக் குறையில்லை. விளையாட்டுப் பக்கத்தில்தான் அது பொருந்தவில்லை.

சரி, கூட்டத்தைக் குறித்த சொல் ஆடுகளத்துக்கு எப்படிப் போனது? 1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைத்ததன் பேரில், அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஓட்டலில் கூடினார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகைக் கல்லூரிக் கால்பந்தில் மாணவரே அல்லாதவர்கள் காசுக்கு ஆடிக்கொண்டிருந்த காலம் அது. யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று விதி வகுப்பதே நோக்கம். அடுத்த ஆண்டு அது நிலையான அமைப்பானபோது, ‘கல்லூரிகளுக்கிடையிலான ஆசிரியப் பிரதிநிதிகளின் கான்பரன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் இருப்பது அசல் மாநாடுதான். இன்று ‘பிக் டென்’ என்று உலகமே அறிந்த அமைப்பு இதுவே. பத்து என்ற பெயரோடு இப்போது அதில் பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை எடுத்தாயிற்று. கூடியவர்கள் மட்டும் கலையவில்லை. கூட்டத்தின் பெயர் கூடியவர்களின் பெயராக ஒட்டிக்கொண்டது. தமிழில் இது புதிதல்ல. ‘ஊர் சிரிக்கும்’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரிப்பார்கள் என்பது போல ஒரு ஆகுபெயர் இது. மூலத்தில் ஆகுபெயராகி வேறு பொருளுக்குப் போய்விட்ட சொல்லை, அதன் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பதால்தான் நமக்குச் சிக்கல்.

இன்றைய கான்பரன்ஸ் செய்யும் வேலை என்ன? உறுப்பினர் அணிகளுக்குள் ஆட்ட அட்டவணை போடுகிறது. நடுவர்களை ஏற்பாடு செய்கிறது. தொலைக்காட்சிப் பணத்தைப் பங்கிடுகிறது. பருவ முடிவில் தனக்கென்று ஒரு கோப்பை நடத்துகிறது. அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் முதல்நிலைத் தேசியப் போட்டியில் ஆண்களுக்குப் பதினாறு இடங்கள். ஆறு கான்பரன்ஸ்களின் வாகையருக்கும் அதில் நேரடி இடம் உண்டு. மற்ற பத்து இடங்களுக்குத்தான் தேர்வு. கான்பரன்ஸ் இல்லாமல் தனித்து ஆடும் அணிக்கு அந்த நேரடி வாசல் கிடையாது. இதனால்தான் ஒவ்வொரு கல்லூரியும் ஏதாவது ஒன்றில் இடம் பிடிக்கத் துடிக்கிறது.

இதற்குத் தமிழில் ‘மண்டலம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது இயல்பாக வரும். ஆனால் மண்டலம் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிப்பது. எந்த மண்டலம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கான்பரன்ஸில் விரும்பிச் சேரலாம், விலகலாம். பிக் டென்னிலேயே அட்லாண்டிக் பக்கத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் இருக்கிறது, பசிபிக் பக்கத்து லாஸ் ஏஞ்சலிஸின் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ‘சங்கம்’ நல்ல சொல்தான். ஆனால் தேசிய அளவில் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற தலைமை அமைப்புக்கு அது வேண்டும். ‘பிரிவு’ என்பதும் முதல், இரண்டாம், மூன்றாம் என்று அதே அமைப்பு வகுத்துள்ள படிநிலைகளுக்குப் போய்விட்டது.

என் தேர்வு ‘கூட்டணி’. கூட்டு, அணி இரண்டும் சேர்ந்த சொல். அணி என்றால் வரிசை, படை, ஆபரணம். இன்று எந்த ஆடுகளத்திலும் அதுதான் டீம். அணிகள் தம் தனித்தன்மையை விடாமல், உடன்பாடு போட்டுக்கொண்டு, ஒன்றாக நிற்பது கூட்டணி. ‘சேர்ந்தது’, ‘விலகியது’, ‘இடம் மாறியது’ என்ற வினைகளெல்லாம் அதோடு இயல்பாக ஒட்டிக்கொள்ளும். அரசியல் வாடை அடிக்கிறதே என்று ஒருவர் தயங்கலாம். எனக்கு அந்த வாடை பிடித்திருக்கிறது, ஏனென்றால் பொருள் அப்படியே பொருந்துகிறது. நாட்ரடாம் பல்கலைக்கழகம் பிக் டென்னில் ஐஸ் ஹாக்கிக்கு மட்டும் 2017இல் சேர்ந்தது. மற்ற ஆட்டங்களுக்கு அங்கே உறுப்பினர் அல்ல. இதைப் பத்தி பத்தியாக விளக்க வேண்டாம். ‘கூட்டணி அல்ல, தொகுதி உடன்பாடு’ என்றால் நம் ஊர் டீக்கடையில் யாருக்கும் புரியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ‘கூட்டு அணி’ என்று பிரித்து எழுதினால் பல கல்லூரி ஆட்டக்காரர்கள் கலந்த ஒரே அணி என்றாகிவிடும். சேர்த்தே எழுதுங்கள்.

எல்லை தாண்டிய கதைக்கு இந்தச் சொல்லைப் பொருத்திப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பர்னபி மலைமேல் 1965இல் தொடங்கியது சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம். 2009இல் என்.சி.ஏ.ஏ. அதற்கு இரண்டாம் பிரிவில் இடம் கொடுத்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து அந்த வாசலைத் தாண்டிய முதல் பல்கலைக்கழகம் அதுதான். 2010இல் பெருவடமேற்கு (கிரேட் நார்த்வெஸ்ட்) விளையாட்டுக் கூட்டணியில் ஆடத் தொடங்கி, 2012இல் முழு உறுப்பினரானது. அண்டை வீட்டு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் யோசித்துப் பார்த்துவிட்டு, 2011இல் கனடாவிலேயே இருந்துகொண்டது.

அமெரிக்கக் கால்பந்தில் சைமன் ஃபிரேசருக்கு வலி காத்திருந்தது. பெருவடமேற்குக் கூட்டணியில் அந்த ஆட்டத்துக்குப் போதிய அணிகள் இல்லாமல் போகவே, டெக்சஸ் பக்கத்து லோன் ஸ்டார் கூட்டணியோடு அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் 2022 பருவம் முதல் உடன்பாடு. பர்னபியிலிருந்து டெக்சஸ் எங்கே! 2023 பருவத்துக்கு மேல் உடன்பாட்டை நீட்டிப்பதில்லை என்று லோன் ஸ்டார் முடிவு செய்தது. 2023 ஏப்ரலிலேயே பல்கலைக்கழகம் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. கனடாவில் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தின் விதிகளே வேறு. அங்கே அணிக்குப் பன்னிரண்டு பேர், பந்தை முன்னேற்ற மூன்று முயற்சி; இவர்கள் ஆடிப் பழகியதோ பதினோரு பேர், நான்கு முயற்சி. அவசரத்துக்குத் தாய்வீடு திரும்பிவிடவும் முடியாது. கூட்டணி விலகினால் அணி நடுத்தெருவில். சொல்லின் கனம் அங்கே தெரிகிறது.

ஹாக்கிக்கு வருவோம். வட அமெரிக்காவில் ஹாக்கி என்று மட்டும் சொன்னால் பனித்தளத்தில் ஆடுவதுதான். பந்துக்குப் பதில் மூன்று அங்குல அகலமுள்ள ரப்பர் வில்லை. இதில் எல்லை தாண்டிய கூட்டணி புதுமையே அல்ல. 1930களின் பிற்பகுதியிலேயே மெக்கில், டொராண்டோ, குயீன்ஸ், மான்ட்ரியால் என்ற நான்கு கனடாப் பல்கலைக்கழகங்களும், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஒரே தொடரில் ஆடியிருக்கின்றன. போர் வந்தது, அது நின்றது.

இன்று கனடா இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் தெற்கே போய் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஆடுகிறார்கள். கனடாவின் முன்னணி ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களுக்கு இருந்த தடையும் 2025 ஆகஸ்டில் நீங்கிவிட்டது. ஆட்டக்காரர்கள் தாண்டும் எல்லையைப் பல்கலைக்கழகங்கள் தாண்டுவதுதான் கடினம். முதல் பிரிவு அமெரிக்க நிறுவனங்களுக்கே உரியது. ஆனால் ஹாக்கிக்கு இரண்டாம் பிரிவில் தேசியப் போட்டி இல்லாததால், அந்தப் பிரிவுக் கல்லூரிகள் சில ஹாக்கியில் மட்டும் முதல் பிரிவில் ஆடுகின்றன. மிச்சிகனின் சூ செயின்ட் மரியில் உள்ள லேக் சுப்பீரியர் ஸ்டேட் அப்படி ஒன்று. ஆற்றுக்கு அந்தக் கரையில் அதே பெயரில் கனடா நகரம். நடுவே ஒரு பாலம். கனடாப் பல்கலைக்கழகம் ஒன்று ஹாக்கியில் நுழையும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ரசிகர்கள் சுட்டுவது இந்த வாசலைத்தான்.

அப்படி ஒரு நாள் நடந்தால் தலைப்பு இப்படி வரட்டும்: ‘அமெரிக்க ஹாக்கிக் கூட்டணியில் கனடாப் பல்கலைக்கழகம்’.