பனிக்கரடிக்குக் குளிராதா? வனஸ்பதியும் ஜிப் கவரும் சொல்லும் பதில்

"இதுக்குக் குளிராதா?" பனிக்கரடிப் படத்தைப் பார்த்ததும் நான்கு வயதுக் குழந்தை கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். "அதுக்கு உடம்புல கொழுப்பு இருக்கு" என்றால் அந்த வயதுக்கு அது வெறும் சொல். கையில் பட்டால்தான் விளங்கும்.

குழந்தையின் கை மணிக்கட்டு வரை நுழைகிற ஜிப் கவர் நான்கு, அரை கிலோ வனஸ்பதி, அகலமான டேப், ஒரு பேசினில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போதும். ஒரு கவருக்குள் வனஸ்பதியைப் போடுங்கள். இன்னொரு கவரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அதற்குள் நுழைத்துவிடுங்கள். திருப்பினால்தான் இரண்டு ஜிப்பும் ஒன்றையொன்று கவ்வும். வாயைச் சுற்றி டேப் ஒட்டி, வெளியிலிருந்தே பிசைந்து 1 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். விரல் நுனிப் பக்கம் மெலிந்துபோனால் அங்கேதான் முதலில் சில்லிடும்.

மீதி இரண்டு கவரையும் இதேபோல, கொழுப்பில்லாமல் பொருத்துங்கள். பலரும் இதை விட்டுவிட்டு மறு கையை வெறுமனே தண்ணீரில் விடச் சொல்கிறார்கள். அப்போது கை நனைந்ததால் குளிர்ந்ததா, கொழுப்பு இல்லாததால் குளிர்ந்ததா என்பது தெரியாமல் போகும். இரண்டு கையும் ஒரே நேரத்தில், 20 முதல் 30 வினாடி வரை தண்ணீரில் இருக்கட்டும். குழந்தை முன்னதாகவே "போதும்" என்றால் அதோடு சரி. ஐஸில் உப்பு போடவே கூடாது. தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழே இறங்கித் தோலைப் பதம் பார்த்துவிடும். முடிந்ததும் கவர்களை உடனே எடுத்து வையுங்கள், தலையில் மாட்டிப் பார்க்கிற வயது இது.

வனஸ்பதியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பயன்படுத்தினால் "ரெண்டுமே ஜில்லுனு இருக்கு" என்றுதான் குழந்தை சொல்லும். தேங்காய் எண்ணெய் சரிவராது. 24 டிகிரி வாக்கிலேயே உருகி, கவரின் அடியில் தேங்கிவிடும்.

பனிக்கரடியின் தோலுக்கடியில் இந்தக் கொழுப்பு 10 செ.மீ. வரைகூட இருக்கும். ஸ்கேலை வைத்துக் காட்டுங்கள்.

கரடியின் நிறத்தை விளக்கக் கற்கண்டு போதும். கட்டியாக இருக்கையில் கண்ணாடி மாதிரி இருப்பது, இடித்தால் வெள்ளைப் பொடியாகும். கரடியின் முடியும் நிறமற்றதுதான். ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் தோல் கருப்பு. (அந்த முடி வெயிலைக் குழாய்போலத் தோலுக்குக் கடத்துகிறது என்று இன்னும் சிலர் சொல்லித்தருகிறார்கள். அது தவறு.) பிறந்த குட்டி எவ்வளவு கனம் என்று கேட்டால், 600 கிராம் அரிசியைத் துணியில் முடிந்து மடியில் வையுங்கள். வளர்ந்த ஆண் கரடி 400 கிலோவைத் தாண்டும்.

பொம்மைப் பெட்டியில் பெங்குயின் இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். அது தென்கோளத்துப் பறவை. கரடி வாழும் வடதுருவப் பகுதியான ஆர்க்டிக்கில் அதற்கு முக்கிய உணவு சீல் (கடல்நாய்) தான்.

அந்த வேட்டையையும் விளையாடலாம். தண்ணீர் நிறைந்த டப்பில் தெர்மோகோல் பலகையை மிதக்கவிட்டு நடுவே ஓர் ஓட்டை போடுங்கள். மூச்சுவிட சீல் மேலே வரும் ஓட்டை அது. குழந்தை கரடிப் பொம்மையோடு அசையாமல் காத்திருக்க, நீங்கள் சீலை எப்போதாவது தலைநீட்டச் செய்யுங்கள். அநேகமாகத் தப்பிவிடும், நிஜத்திலும் பெரும்பாலான முயற்சிகள் வீண்தான். கரடி நன்றாக நீந்தும், ஆனால் திறந்த கடலில் சீலைத் துரத்திப் பிடிப்பது அரிது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் பனி உருகியதும் கரடிகள் கரையேறி, நவம்பர் வாக்கில் கடல் மறுபடி உறையும்வரை காத்துக் கிடக்கின்றன.

இப்போது தெர்மோகோலை உருவிவிட்டு இன்னொரு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள். "கரடி எங்க நிக்கும்?" என்று குழந்தையே கேட்கும்.