பேட்டா, பேடா? 'கால்காப்பு' என்ற சொல்லைப் பற்றி

"பந்து பேட்டில் பட்டு, பிறகு பேட்டில் பட்டது."

கிரிக்கெட் தெரிந்த ஒருவரிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்து, ஆட்டக்காரர் அவுட்டா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள். அவரால் சொல்ல முடியாது. பந்து முதலில் மட்டையைத் தொட்டுவிட்டுக் காலுக்குப் போயிருந்தால் எல்.பி.டபிள்யூ (குச்சியில் பட இருந்த பந்தைக் கால் தடுத்ததற்காகக் கொடுக்கும் அவுட்) கிடையாது. காலில் மோதிவிட்டு மட்டைக்கு வந்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும் பட்சத்தில், அவர் நடையைக் கட்ட வேண்டியதுதான். ஒரு ஆட்டத்தையே புரட்டிப் போடும் வேறுபாடு இது. தமிழில் எழுதியதும் காணாமல் போய்விடுகிறது.

பேச்சில் இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. அடிக்கிற மட்டையை 'பேட்டு' என்கிறோம், காலில் கட்டுவதை 'பேடு' என்கிறோம். டகரம் இரட்டித்தால் அழுத்தமான ஒலி, தனியாக வந்தால் மெலிந்த ஒலி. தமிழின் இந்த இயல்பே இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அழகாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் பிரிவினை கலைந்துவிடும். வீடு வீட்டில் ஆகிறது, காடு காட்டில் ஆகிறது. அதே வழியில் பேடும் 'பேட்டில்' ஆகிறது. பேட்டு ஏற்கெனவே 'பேட்டில்'தான். போதாக்குறைக்கு, பேடு என்பது பெண்பறவையைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல்லும்கூட. மட்டைக்கு 'மட்டை', 'துடுப்பு' என்று சொற்கள் நிலைத்துவிட்டதால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி காலில் கட்டுகிற பொருளுக்கு என்ன பெயர் என்பது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். 'பேட்' (pad) என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில எழுத்தில் கிடைக்கிறது. அப்போது அதற்குப் படுத்துக்கொள்வதற்கான வைக்கோல் கட்டு என்று பொருள். விலங்கின் மெத்தென்ற உள்ளங்காலும் அதே பெயரில் வந்தது. அதன் வேர் எது என்பதில் அகராதிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. பொருள் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: உள்ளே எதையோ திணித்து மெத்தென்று ஆக்கியது. எழுதும் தாள்கட்டும், மைத்திண்டும், காயத்தின் மேல் வைக்கும் பஞ்சுத் துண்டும் இந்தக் குடும்பம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் விதிநூல் இந்தப் பொருளை முதன்மையாக 'பேட்' என்று அழைப்பதில்லை. 'வெளியே அணியும் காலரண்' என்ற பொருள் தரும் தொடரையே பயன்படுத்துகிறது. இலக்குக் காப்பாளரை (விக்கெட் கீப்பரை) தவிர வேறு எந்தக் களத்தடுப்பாளரும் கையுறையோ வெளியே தெரியும் கால் பாதுகாப்போ அணியக் கூடாது என்கிறது 28-ஆம் விதி. மட்டையாளருக்கு அருகே குனிந்து நிற்கும் ஷார்ட் லெக் தடுப்பாளர் காற்சட்டைக்குள்ளே கணைக்கால் தகட்டை மறைத்துக் கட்டிக்கொள்வது அதனால்தான். ஆக, புழக்கத்தில் இருக்கும் சொல் அந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்கிறது. விதியின் சொல் அது எதற்காக இருக்கிறது என்று சொல்கிறது. தமிழாக்கம் செய்யும்போது நாம் எந்தச் சொல்லைப் பின்பற்றுவது? விதியின் சொல்லைத்தான் என்பது என் முடிவு. அதற்கான காரணம் இந்தப் பொருளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ராபர்ட் ராபின்சன் என்று ஒரு ஆட்டக்காரர் இருந்தார். கை விரலில் குறை இருந்ததால் மட்டையின் பிடியில் தனக்கேற்ற பள்ளம் செதுக்கிக்கொண்டவர். அவர் தன் கணைக்காலுக்கு முன்னால் இரண்டு மெல்லிய மரப்பலகைகளைச் சாய்வாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆட வந்தார். பந்து பலகையில் மோதி, மட்டையில் பட்டதைவிடப் பெரிய சத்தத்தோடு தெறித்தது. பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் அதைக் கைவிட்டார். கிரிக்கெட் கால்காப்பின் கதை மெத்தையில் தொடங்கவில்லை, பலகையில் தொடங்குகிறது. அதில் திணிப்பு என்று எதுவுமே இல்லை. காலைக் காத்தது, அவ்வளவுதான்.

சிரிப்பை நிறுத்தியது பந்துவீச்சின் வேகம். தோள் உயரம் வரை கையைச் சுழற்றி வீச 1835-இலும், தலைக்கு மேல் கையை உயர்த்தி வீச 1864-இலும் அனுமதி கிடைத்தது. மேடு பள்ளமான களத்தில் அந்த வேகத்தை வெறுங்காலால் தாங்க முடியவில்லை. 1840-களில் நாட்டிங்காம்ஷயர் ஆட்டக்காரர் தாமஸ் நிக்சன் தக்கையை வைத்துக் காலரண் செய்தார். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அதைக் கட்டுவது கோழைத்தனம் என்ற பேச்சு அடங்கிவிட்டது. அப்புறம் பல வடிவங்கள் வந்தன. எனக்கு மிகவும் பிடித்தது 'எலும்புக்கூடு' என்று பெயர் பெற்ற வகை. செங்குத்தான பட்டைகளுக்கு நடுவே துணியே இல்லாமல் இடைவெளி விட்டிருப்பார்கள். விலா எலும்புகளைப் பார்ப்பதுபோல இருக்கும். காற்று புகும், எடை குறையும், ஓடுவதற்கு லேசாக இருக்கும்.

நிலைத்து நின்றது பிரம்பு வகை. பழைய கால்காப்பு ஒன்றைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளை அடித்த கித்தானுக்குக் கீழே செங்குத்தாக வரிசை வரிசையாகப் பிரம்புக் குச்சிகள் தட்டுப்படும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில் தைத்திருக்கும். முழங்கால் இருக்கும் இடத்தில் குறுக்கே மூன்று உருளைத் திண்டுகள். அங்கே மடங்க வேண்டுமே, அதனால் பிரம்பு அந்த இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே தொடையின் அடிப்பகுதியை மறைக்கும் மடல். பக்கவாட்டில் கெண்டைக்காலை அணைக்கும் இறக்கை. பாதத்தின் மேல் கவிந்து விழும் நாக்கு. பின்னால் மூன்று தோல் வார்கள். வாரின் கொளுவி எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். சிறுவனாக இருந்தபோது அவசரத்தில் இடது காலுக்கு உரியதை வலது காலில் கட்டிக்கொண்டு ஓடி, இரண்டு கொளுவிகளும் ஒன்றோடொன்று மாட்டி நடுக்களத்தில் விழுந்திருக்கிறேன். கால்காப்பிலும் இடம் வலம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கொளுவியை ஒழித்தது 'ஒட்டுவார்' (வெல்க்ரோ). உடையில் ஒட்டிக்கொண்ட முள்விதைகளைப் பார்த்து சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் யோசித்த யோசனை, பின்னாளில் மட்டையாளரின் காலுக்கும் வந்து சேர்ந்தது. பிரம்பின் இடத்தை அடர் நுரை பிடித்தது. கித்தானின் இடத்தைச் செயற்கைத் தோல் பிடித்தது. தையலே இல்லாமல் ஒரே அச்சில் வார்த்து எடுக்கும் கால்காப்புகளும் இன்று உண்டு. பார்ப்பதற்கு ஹாக்கி கோல்காப்பாளர் அணிவதுபோல இருக்கும். மெதுவாக அழுத்தினால் குழைந்து, திடீரென்று அடி விழுந்தால் இறுகிக்கொள்ளும் நுரைகளும் விளையாட்டுப் பாதுகாப்புக் கருவிகளில் வந்துவிட்டன. 1977-இல் ஆஸ்திரேலிய ஊடக அதிபர் கெர்ரி பாக்கர் தொடங்கிய 'உலகத் தொடர் கிரிக்கெட்', ஆட்டத்துக்கு வண்ண உடை போட்டது. வெள்ளைக் கால்காப்பும் நிறம் மாறத் தொடங்கியது. புதிதாக வாங்காமல், வெள்ளையின் மேலேயே அணி நிறத்தில் ஒரு துணியுறையை இழுத்து மாட்டிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. பலகை, தக்கை, பிரம்பு, நுரை என்று உள்ளே இருப்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாமல் இருப்பது காத்தல் என்ற வேலை ஒன்றுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காலுறை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சாக்ஸுக்குப் போய்விட்ட சொல். 'காலணி' செருப்புக்கும் ஷூவுக்கும் உரியது. 'கால் மெத்தை' ஆங்கிலத்தின் வைக்கோல் கட்டை அப்படியே தூக்கி வருகிறது. பலகை கட்டிய ராபின்சனுக்கு அது பொருந்தாது. 'கால் கவசம்' தவறில்லை. தலைக்கவசம் ஊன்றிவிட்டதால் அதற்குத் துணையும் இருக்கிறது. ஆனாலும் நான் 'கால்காப்பு' பக்கம்தான். 'கா' என்ற வேரிலிருந்து வரும் காப்பு, செய்யும் வேலையையே பெயராக வைத்திருக்கிறது. தொடைக்குத் தொடைக்காப்பு, முன்கைக்கு முன்கைக்காப்பு என்று மற்றக் கருவிகளுக்கும் எளிதாகப் பெயர் தரும். இலக்குக் காப்பாளரோடும் இயல்பாக ஒட்டும். காப்பு என்றால் வளையல் இல்லையா, கால்காப்பு என்றால் தண்டை மாதிரி ஒரு நகை இல்லையா என்று கேட்கலாம். ஆமாம். அந்த நகைக்கே அந்தப் பெயர் வந்தது, அணிந்தவரைக் காக்கும் என்ற எண்ணத்தால்தான். புணர்ச்சி விதிப்படி 'காற்காப்பு' என்று எழுத வேண்டும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. படிக்கிறவருக்குக் கால் உடனே கண்ணில் பட வேண்டும் என்பதால் நான் பிரித்து ஒலிக்கும் வடிவத்தை வைத்துக்கொள்கிறேன்.

வினைச்சொல் இன்னும் சுவையானது. 'பேட் அப்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள். ஒன்று, அடுத்து ஆட வேண்டியவர் எல்லாம் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பது. அதற்கு 'கட்டு' என்ற வினை நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. ஒட்டுவார் வந்த பிறகும் 'பேடு கட்டிக்கொண்டான்' என்றுதான் சொல்கிறோம். 'கால்காப்புக் கட்டினார்' அதோடு நேராகப் பொருந்தும். மற்றொன்று, மட்டையை ஒதுக்கிவிட்டுக் காலை நீட்டிப் பந்தைத் தடுப்பது. இதைக் 'காலைக் கொடுத்தார்' என்று சொல்வது எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

காலைக் கொடுப்பதன் உச்சம் 1957-இல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் நடந்தது. முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த மேற்கிந்தியச் சுழல்வீரர் சோனி ராமதீனை, இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து மட்டையாளர்கள் பீட்டர் மேயும் காலின் கவுட்ரியும் சலிக்காமல் காலைக் கொடுத்துக் களைக்க வைத்தார்கள். கூட்டணி 411 ரன். ராமதீன் அந்த இன்னிங்ஸில் வீசியது 98 ஓவர். அடிக்க முயலாமல் காலை நீட்டினால், பந்து ஆஃப் குச்சிக்கு வெளியே காலில் பட்டாலும் எல்.பி.டபிள்யூ கொடுக்கலாம் என்று 1970-களில் விதி இறுகியது. அடிக்க முயலாமல் கால்காப்பில் வாங்கி ஓடினால் லெக் பை ரன்னும் கிடையாது. காப்பு காப்பாகத்தான் இருக்க வேண்டும், இரண்டாவது மட்டையாக ஆகக் கூடாது என்பது இந்த விதிகளின் பொருள்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது ஒன்று மிச்சம். உள்விளிம்பில் உரசி, கால்காப்பில் மோதி எழும்பும் பந்தை அருகில் நிற்பவர் பிடிப்பதை 'பேட்-பேடு கேட்ச்' என்கிறோம். 'மட்டை-காப்புப் பிடி' என்று எழுதிப் பார்த்தேன். பந்து எந்த வரிசையில் போனது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் பந்து காற்றில் இருக்கும் அந்த அரை நொடிக்குள் வர்ணனையாளர் வாயிலிருந்து வர வேண்டுமானால் இதைவிடச் சின்னதாக ஒரு சொல் வேண்டும்.